காலநிலை மாற்றத்தோடு சமூக நீதியையும் ஜனநாயகத்தையும் ஏன் முடிச்சுப் போடுகிறார்கள்?

"மரம் நடணும், புகையைக் குறைக்கணும், அவ்வளவுதானே? இந்தக் காலநிலை அமைப்புகள் எல்லாம் ஏன் கூடவே சமூக நீதி, எல்லோருக்குமான ஜனநாயகம் என்று அரசியல் பேசுகின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஊத்தங்கரை பக்கத்து கிராமம், வேலை ஓசூரில். 2024 வரைக்கும் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன், அம்மாவின் நாலு ஆட்டோடு அந்தக் கேள்வியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வருடக் கோடை ஞாபகம் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாமரங்கள் நின்ற இடத்திலேயே காய்ந்தன, டிராக்டரில் டேங்கர் கட்டி இழுத்து வந்து மரத்துக்கு மரம் தண்ணீர் ஊற்றினார்கள், அந்தக் குழாயைப் பிடிக்கும் கூலிக்கு அம்மாவும் போனார். அதே வருடம் டிசம்பர் 1 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. வருடம் முழுக்க எங்களுக்குப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேனும் காரும் வெள்ளத்தில் உருண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது பழைய இயற்பியல். அந்த ஒரு மழைக்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் மழை எல்லோருக்கும்தான் பெய்தது, தண்ணீர் நின்றது எங்கள் தெருவில் மட்டும். ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் இறங்கும் ஓடை காலனிக்குப் பின்னால் போகிறது. என் தாத்தா காலத்தில் மாட்டு வண்டி ஓட்டலாம் போல அகலமாக இருந்ததாம்; நான் பார்க்கும்போதே இரண்டு பக்கமும் நெருக்கி ஒரு ஆள் தாண்டும் அளவுக்கு வந்துவிட்டது. மேலே ஊருக்குள் யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை. அம்மா பலமுறை புலம்பியிருக்கிறார், எங்கே? வீட்டில். கிராம சபையில் சொல்லலாமே என்றால், அது கோயில் மண்டபத்தில் நடக்கும், எங்கள் பெண்கள் படியேற மாட்டார்கள். மதச்சார்புள்ள வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது என்று அரசு ஒவ்வொரு தடவையும் அறிவிக்கிறது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது (வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் டிகிரி படித்தவன்).

நிவாரணம் ஆட்டுக்கு 4,000 என்று அறிவித்தார்கள். கணக்கெடுக்க வந்தவர், செத்த ஆட்டைக் காட்டினால்தான் எழுத முடியும்மா என்றார். "தண்ணி எடுத்துட்டுப் போனத நான் எங்கிருந்துங்க கொண்டாந்து காட்டறது?" என்று அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை, பட்டியலில் அம்மா பெயரும் இல்லை. அவரையும் குறை சொல்லிப் பயனில்லை, படிவம் அப்படி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் மழைக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் அஜர்பைஜானின் பாகு நகரத்தில் ஐநா காலநிலை மாநாடு முடிந்திருந்தது. ஏழை நாடுகள் வருடத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன, பணக்கார நாடுகள் 2035-க்குள் வருடத்துக்கு 30,000 கோடி டாலர் என்று ஒத்துக்கொண்டன. புகையை அதிகம் விட்டவன் ஒருத்தன், இழப்பு இன்னொருத்தனுக்கு, அந்த இழப்புக்கு விலை போடும் மேசையில் இழந்தவனுக்குக் கடைசி நாற்காலி. இதைத்தான் அமைப்புகள் நீதி என்கின்றன. எனக்கு அது புதிதாகவே படவில்லை, கோயில் மண்டபத்துக்கும் அந்த மேசைக்கும் அளவில்தான் வித்தியாசம்.

ஜனநாயகம் எதற்கு என்கிறீர்களா? 2025 ஜனவரி 5-ம் தேதியோடு எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். வெள்ளம் வடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, வாசலில் போய் நின்று சண்டை போடக்கூடத் தலைவர் இல்லை. தலைவர் இருந்தபோது மட்டும் என்ன கிழித்தார் என்று நண்பன் கேட்டான், சரிதான், ஆனால் அவர் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தாக வேண்டும், தனி அலுவலருக்கு அந்தக் கட்டாயமே இல்லை.

மரம் நடுவதைக் கிண்டல் செய்யவில்லை. ஓடைக்கரையிலும் வெள்ளத்துக்கு முந்தின வருடம் நூறு கன்று நட்டு போட்டோ எடுத்தார்கள், நாலு ஆட்டோடு அதுவும் போயிற்று.

2025 மார்ச்சில் உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. முன்கூட்டியே மனு கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் நடத்தச் சொன்னோம், நடந்தது. எங்கள் தெருவிலிருந்து முப்பது பெண்களாவது வந்திருப்பார்கள். அம்மா எழுந்து ஓடையை அளக்கச் சொன்னார், குரல் நடுங்கியது, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அம்மா உட்காரவில்லை. தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். சர்வேயர் ஜூனில் வந்து கல் நட்டார். கல்லின்படி ஓடை இன்னும் பதினெட்டு அடி அகலம் வேண்டும். அந்தப் பதினெட்டு அடியில் இப்போது ஒருவருடைய தென்னை நிற்கிறது, தூர்வார இன்னும் யாரும் வரவில்லை. தீர்மான நகலை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார் அம்மா.