ஏர் டெம்பரேச்சர் சென்சார்: மாத்துறதுக்கு முன்னாடி கேளுங்க

திருவாரூர் பக்கம் பட்டறை வெச்சிருக்கேன். பெட்ரோல் கார்ல இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூட்டை அளக்கிற சென்சாரைப் பத்தி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

மன்னார்குடி: அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணா வண்டி திணறுது, பெட்ரோல் வாசம் வேற. ஸ்கேனர்ல பி0113ன்னு வருது. சென்சாரை மாத்தச் சொல்றாங்க, வாங்கிடவா?

இப்ப வாங்காதீங்க தம்பி. அந்த கோடு வந்தா சென்சார்தான் போச்சுன்னு அர்த்தமில்லை. அந்த லைன்ல வோல்டேஜ் ஏறிக் கிடக்குன்னுதான் சொல்லுது. சென்சார் உள்ள அறுந்தாலும், வயர் அறுந்தாலும், கப்ளர் (வயரை சென்சார்ல மாட்டுற பிளக்) சரியா உக்காரலைன்னாலும் இதே கோடுதான் வரும். ஸ்கேனர்ல லைவ் டேட்டாவை, அதாவது சென்சார் இப்ப காட்டுற அளவைப் பாருங்க. மைனஸ் 40 டிகிரி காட்டுதா? மார்கழிப் பனியிலகூட நம்ம ஊரு 20ஐ ஒட்டித்தான் இறங்கும். காத்து அவ்வளவு குளிர்ச்சின்னு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) நம்பினா பெட்ரோலைக் கூட்டி ஊத்தும், வாசம் அதனாலதான். சில வண்டியில ஈசியூ தானே ஒரு உத்தேச அளவை வெச்சு ஓட்டும், அப்ப டேஷ்போர்டுல இன்ஜின் லைட் மட்டும் எரியும்.

இக்னிஷனை ஆஃப் பண்ணிட்டு கப்ளரைக் கழட்டுங்க. வண்டிப் பக்கம் இருக்கிற ரெண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால சேர்த்துட்டு இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணுங்க. மைனஸ் 40 ஒரேயடியா 100ஐத் தாண்டினா வயரும் ஈசியூவும் நல்லா இருக்கு, சென்சாரை வாங்குங்க. அசையலைன்னா வயரைத் தேடுங்க. ரெண்டு பின் சென்சாருக்கு மட்டும்தான் இது. மேப் (காத்தோட அழுத்தத்தை அளக்கிறது), மாஃப் (உள்ள போற காத்தோட அளவை அளக்கிறது) சென்சாரோட சேர்ந்து நாலஞ்சு பின் இருந்தா, வயரிங் படம் இல்லாம எதையும் சேர்க்கவே கூடாது.

திருத்துறைப்பூண்டி: சென்சார் பின்ல ஓம் மீட்டர் வெச்சா எவ்வளவு காட்டணும்?

பெரும்பாலான வண்டியில 25 டிகிரிக்கு 2 முதல் 3 கிலோ ஓம். சூடு ஏற ஏற ஓம் இறங்கணும். முடி காய வைக்கிற டிரையரைக் காட்டுங்க. சீரா இறங்காம நடுவுல குதிச்சா சென்சார் போச்சு.

கும்பகோணம்: ஐயா, கோடு எதுவுமே இல்லை. ஆனா மதியம் ரயில்வே கேட்டுல நின்னு கிளம்பினா இழுவையே இல்லை.

நிக்கும்போது பானெட்டுக்குள்ள சூடு சேரும்மா, சென்சாரும் ஏத்திக் காட்டும். அது இயல்பு. கிளம்பி கொஞ்ச தூரம் போனதும் இறங்கணும். இறங்கலைன்னா ஏர் ஃபில்டர் பெட்டிக்கு முன்னாடி இருக்கிற காத்துக் குழாயைப் பாருங்க. அது கழண்டிருந்தா இன்ஜின் சூட்டையே உள்ள இழுக்கும். அப்ப சென்சார் சொல்றது உண்மை, பாவம் அதைக் கழட்டி எறியாதீங்க. காத்து சூடுன்னு தெரிஞ்சா ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், இழுவை குறையும். குழாய் சரியா இருந்தா, ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி காத்துச் சூட்டையும் கூலண்ட் சூட்டையும் பாருங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். காத்து மட்டும் தனியா விலகி நின்னா சென்சார் மேல சந்தேகப்படலாம்.

வேதாரண்யம்: கப்ளர் பின்ல பச்சை பூத்திருக்கு அண்ணே.

உப்புக்காத்து வேலை. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய விட்டு மாட்டுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, பின் மேல இருக்கிற பூச்சு போயிடும்.

வலங்கைமான்: சம்பா அறுவடை முடிஞ்சதும் எலி வயரைக் கடிச்சிருச்சு. டேப் சுத்தினா போதுமா?

போதாது தம்பி. சூட்டுல டேப் பசை விட்டுரும், உள்ள ரெண்டு வயரும் உரசினா இப்ப பி0112, அதாவது லைன்ல வோல்டேஜ் இறங்கிக் கிடக்குன்னு சொல்ற கோடு வரும். சால்டர் வெச்சு, சூட்டுல சுருங்கற ஸ்லீவ் போடுங்க. வண்டியை வைக்கோல் போர் பக்கத்துல நிறுத்தாதீங்க.