சோற்றில் மாத்திரை கலக்கலாமா? குடிநோய் சிகிச்சையும் சம்மதமும்: கேள்வி பதில்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மனைவி: கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தால் குடியை விட்டுவிடுவாராம். அப்படி ஒரு மாத்திரை இருக்கிறதா?

நீங்கள் சொல்வது டைசல்ஃபிரம் அம்மா. அது குடி ஆசையைக் குறைக்கிற மருந்து இல்லை. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை வெளியேறவிடாமல் தேக்கிவிடும். அப்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்தும் போகலாம். இது தெரிந்து சாப்பிடுகிறவர் பயந்து குடிக்காமல் இருப்பார். தெரியாதவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் வாங்குவார். வேண்டவே வேண்டாம்.

மதுரை, பயிற்சி ஆலோசகர்: நோயாளியைச் சிகிச்சைக்குச் சேர்க்கும்போதே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். போதாதா ஐயா?

போதாது தம்பி. போதையிலும் கைநடுக்கத்திலும் போட்ட கையெழுத்து அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் குடி, போதைப்பொருள் சார்ந்த பாதிப்புகளும் வருகின்றன. மிரட்டாமல், ஏமாற்றாமல், சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லி வாங்குவதைத்தான் அந்தச் சட்டம் சம்மதம் என்கிறது. தலை தெளிந்த பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மனைவியிடம் எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள், உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியத்தை எப்போது உடைப்பீர்கள் என்பதை முதல் நாள் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் தெரியவந்தால் அவர் அப்புறம் வாயே திறக்கமாட்டார்.

கோவை, ஒரு தந்தை: பையனுக்கு 17 வயது. கஞ்சா. அவன் சம்மதம் வேண்டுமா?

18 வயதுக்குள் என்றால் சட்டப்படி உங்கள் சம்மதம் செல்லும். ஆனால் எங்கே, எதற்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று அவனிடம் சொல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

சேலம்: காபியில் கலக்கிற பவுடர் நல்லதா?

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

தஞ்சாவூர்: சம்மதம், சம்மதம் என்கிறீர்கள். என் அண்ணன் கடைசிவரை சம்மதிக்கவில்லை, ஈரல் கெட்டுச் செத்தான். உயிரைவிடச் சம்மதம் பெரிதா?

உங்கள் இழப்புக்கு நான் ஆறுதல் சொல்லிவிட முடியாது. ஆனால் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. ரத்த வாந்தி, வலிப்பு என்று உயிர் போகிற நிலையில் நோயாளியின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் சார்பில் முடிவெடுக்க வேண்டிய பிரதிநிதி பக்கத்தில் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு, எந்த மருத்துவரும் அவசர சிகிச்சையைத் தொடங்கலாம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை சேர்க்கலாம். யாரோ நாலு பேர் வந்து ஆளைத் தூக்கிப்போவது அதில் சேராது.

தஞ்சாவூர்: அந்த நிலை வரும்வரை குடும்பம் வேடிக்கை பார்க்கவா?

இல்லை. அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் ஆலோசனைக்கு வரலாம். அவர் தெளிவாக இருக்கிற ஒரு காலையில், "நிலைமை கைமீறினால் உன்னை எங்கே சேர்க்கட்டும், யார் முடிவெடுக்கட்டும்?" என்று கேளுங்கள். அதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் பிரதிநிதியை நியமிக்கவும் அதே சட்டம் வழி செய்கிறது. நான் பார்த்தவரை, பிடிவாதமாக மறுத்த பலர் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஈரோடு: வாசனை இல்லாத மூலிகைச் சொட்டு...

அதே கேள்விதான். பதிலும் அதேதான்.

திண்டுக்கல், அதே மனைவி: ஐயா, இரண்டு நாளாகக் கலந்துவிட்டேன்.

உடனே நிறுத்துங்கள் அம்மா. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இன்றே இருவரும் மருத்துவரிடம் போங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் மருத்துவர் முன்னால் சொல்லுங்கள். மருந்தின் வேலை இரண்டு வாரம் வரை நீடிக்கும், அதுவரை அவர் குடிக்கக் கூடாது. மது கலந்த இருமல் மருந்தும் கூடாது. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், வீட்டிலேயே சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே குடித்துவிட்டு நெஞ்சுவலி, மயக்கம் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், வருகிறவர்களிடம் மாத்திரை கொடுத்ததை மறைக்காதீர்கள்.