வாய் கூசாமல் ஒரு கேள்வி

கேள்வி: தப்பென்று தெரிந்த காரியத்தைச் செய்யப்போகும்போது மனம் தயங்குமே, அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்குரூப்பிள்' என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழில் எங்கே? 'எங்களிடம் இல்லாத சொல்லே இல்லை' என்று மட்டும் வாய் கூசாமல் சொல்லிக்கொள்கிறோம்! (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் கதை. அதற்கு மூலம் லத்தீன். லத்தீனில் 'ஸ்க்ருபுலுஸ்' என்றால் கூரான சிறு கல். செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி மனத்தில் கிடந்து குத்துவதற்கும் அதுவே பெயராயிற்று. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியப் பேச்சாளர் சிசரோ அப்படி எழுதியிருக்கிறார். எடைக்கும் அந்தப் பெயர் உண்டு. ரோமானியரிடம் அது அவுன்ஸில் 24-இல் ஒரு பங்கு. பிற்கால ஆங்கில மருந்துக்கடைத் தராசில் 20 கிரெயின், அதாவது சுமார் 1.3 கிராம். நம் தட்டார் கணக்கில் பத்துப் பதினோரு குன்றிமணி. மனசாட்சிக்கு அது தாராளம்தான்.

கல் என்றதும் 'உறுத்தல்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கண்ணில் விழுந்த தூசியும் உறுத்தும், செய்த தப்பும் உறுத்தும், பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் உறுத்தல் பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகு வருவது. வள்ளுவரும் 'பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்கிறார். 'பின்' என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கேட்பது அதற்கு முந்தைய நொடி.

மளிகைக் கடையில் நூறு ரூபாய் நீட்டுகிறீர்கள். கடைக்காரர் இருநூறு என்று நினைத்து மீதியை எண்ணி வைக்கிறார். எடுக்கப்போன கை பாதியில் நிற்கிறதே, அதை நம் வீட்டுப் பாட்டிகள் எப்படிச் சொல்வார்கள்? 'கை கூசுது'. பொய் சொல்ல நாக் கூசும். புளியங்காய் கடித்தால் பல் கூசும், வெயிலில் கண் கூசும். உடம்பு தானாகப் பின்வாங்குகிற அதே வினைதான் மனத்துக்கும். ரோமானியனுக்குக் காலில் குத்தியது நமக்கு நாக்கிலும் கையிலும் கூசுகிறது.

சரி, சொல் எங்கே தொலைந்தது? 'கூச்சம்' என்றால் மேடையேறப் பயப்படுவது என்று சுருக்கிவிட்டோம். அதுதான் என் மனத்தாங்கல்.

அப்புறம், உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். 'வாய் கூசாமல்' என்று எழுதியது யார்?