ஃபைபர் லைனுக்குக் குவாண்டம் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு நிதி நிறுவனத்தின் ஐ.டி. பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பேக்கப் டேட்டா சென்டர் சென்னையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு டெலிகாம் நிறுவனத்திடம் 10 ஜிகாபிட் லைன் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். “குவாண்டம் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் இப்போதைய என்க்ரிப்ஷன் எல்லாம் காலி. க்யூ.கே.டி. (குவாண்டம் முறையில் ரகசியச் சாவியைப் பரிமாறும்) பெட்டி போட்டுவிடுங்கள், எவனாலும் உடைக்க முடியாது” என்கிறார் ஒரு விற்பனையாளர். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இந்த லைனுக்கு வேண்டாம். அவர் காட்டும் பயத்தில் நியாயம் இருக்கிறது. விற்கும் மருந்துதான் உங்களுக்குப் பொருந்தாது.

பயத்தை முதலில் பார்த்துவிடலாம். டேட்டாவைப் பூட்டும் ரகசியச் சாவியை இரு முனைகளும் பகிர்ந்துகொள்ள உதவும் ஆர்.எஸ்.ஏ., டிஃபி-ஹெல்மன் போன்ற சாவிப் பரிமாற்ற முறைகளைக் குவாண்டம் கம்ப்யூட்டர் உடைத்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.வை உடைக்க 2 கோடி க்யூபிட் (குவாண்டம் கம்ப்யூட்டரின் பிட்) வேண்டும் என்று 2019-ல் கணக்கிட்டிருந்தார்கள். 2025-ல் கூகுளின் கிரெய்க் கிட்னி அதை 10 லட்சத்துக்கும் கீழே இறக்கிவிட்டார். இன்றிருக்கும் எந்த இயந்திரமும் அதன் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் லைனில் ஓடுவதை இன்றே பதிவு செய்து வைத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்துத் திறந்து பார்க்கலாம் அல்லவா? வாடிக்கையாளரின் ஆதார், பான், கடன் விவரங்கள் பத்து வருடத்தில் காலாவதியாகிவிடாது.

ஃபைபரில் ஒட்டுக்கேட்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். ஸ்ப்ளைசிங் வேலைக்கு வருபவர் கையில் கிளிப் மாதிரி ஒரு கருவி இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஃபைபரை வெட்டாமல் லேசாக வளைத்து, வளைவில் கசியும் ஒளியைப் பிடித்து, லைனில் டிராஃபிக் ஓடுகிறதா என்று சொல்லிவிடும். திருடனுக்கும் அதே இயற்பியல்தான்.

இனி பெட்டிக்கு வருவோம். சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசார்டும் 1984-ல் வகுத்த முறைதான் இதற்கு அடிப்படை. சாவியின் ஒவ்வொரு பிட்டும் தனித்தனி ஃபோட்டானில் (ஒளித்துகளில்) ஏறிப் போகும். நடுவில் யாராவது அளந்து பார்த்தால் ஃபோட்டானின் நிலை கலைந்து, மறுமுனையில் பிழை விகிதம் ஏறும். அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். அழகான யோசனை, சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டி தருவது சாவியை மட்டும். உங்கள் 10 ஜிகாபிட் டேட்டாவைப் பூட்டப் போவது அப்போதும் வழக்கமான என்க்ரிப்ஷன் முறையான ஏ.இ.எஸ்.தான்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. நல்ல ஃபைபரில்கூட கிலோமீட்டருக்கு சுமார் 0.2 டெசிபெல் ஒளி போய்விடும். 100 கிலோமீட்டரில் நூறு ஃபோட்டானுக்கு ஒன்றுதான் மிஞ்சும். கோவை–சென்னை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அங்கே 1000 கோடிக்கு ஒன்று. நொடிக்கு 100 கோடி ஃபோட்டான் அனுப்பினாலும் பத்து நொடிக்கு ஒன்று வந்து சேர்ந்தால் அதிகம். வழக்கமான லைனில் இடையிடையே ஆம்ப்ளிஃபையர் வைத்துச் சமாளிப்போம். இங்கே அது நடக்காது. ஃபோட்டானின் நிலையை நகலெடுக்க முடியாது என்பதுதானே இந்தப் பாதுகாப்புக்கே ஆதாரம்!

சீனாவில் 2023-ல் 1,002 கிலோமீட்டர் வரை நடுவில் ரிப்பீட்டர் இல்லாமல் அனுப்பிக் காட்டினார்கள். இழப்பு மிகக் குறைந்த விசேஷ ஃபைபரில், இரட்டைப் புல முறை என்ற புது உத்தியில். பெரிய சாதனைதான். கிடைத்த வேகம் நொடிக்கு 0.0034 பிட். ஒரே ஒரு 256 பிட் சாவிக்கு சுமார் 21 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அதனால்தான் நிஜ நெட்வொர்க்கில் வேறு வழிக்குப் போகிறார்கள். 2017-ல் தொடங்கிய பெய்ஜிங்–ஷாங்காய் லைன் 2,000 கிலோமீட்டர். வழியில் 32 நம்பக நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சாவி வெளிப்படையாக இறங்கி, மறுபடி ஏறும். உங்கள் லைனில் இதைச் செய்தால் சேலத்திலும் வேலூரிலும் இன்னும் சில ஊர்களிலும் பூட்டிய அறைகள் வேண்டும். அவற்றுக்குக் காவல் யார்? அதற்கும் முன்னால், உங்களிடம் இருப்பது வாடகை அலைவரிசைதான். டார்க் ஃபைபர், அதாவது உங்கள் கருவியை நேரடியாகப் பொருத்தக்கூடிய வெறும் ஃபைபர், இல்லை. ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஃபைபரை உங்கள் டெலிகாம் நிறுவனம் அத்தனை தூரத்துக்குத் தருமா என்று விற்பனையாளரையே கேளுங்கள்.

“எவனாலும் உடைக்க முடியாது” என்பது காகிதத்தில் சரி. 2010-ல் வாதிம் மகாரோவின் குழு, சந்தையில் விற்ற க்யூ.கே.டி. கருவிகளின் டிடெக்டர்களைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, பிழை காட்டாமலேயே சாவியை எடுக்க முடியும் என்று நிரூபித்தது. மறுமுனையில் இருப்பது உங்கள் ஆள்தானா என்று உறுதி செய்யவும் இதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. தன் தேசப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

இந்தத் துறையே வீண் என்று சொல்ல வரவில்லை. டி.ஆர்.டி.ஓ.வும் ஐஐடி டெல்லியும் 2022-ல் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல், ஏற்கெனவே புதைத்திருந்த சாதாரண ஃபைபரிலேயே இதை இயக்கிக் காட்டின. 2023-ல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தில் ஊர்களுக்கிடையே 2,000 கிலோமீட்டர் இணைப்பு ஓர் இலக்கு. குவாண்டம் தகவல்தொடர்பு மையம் ஐஐடி மெட்ராஸில்தான் அமைகிறது. ஒரே நகரத்துக்குள் இரண்டு டேட்டா சென்டர், நடுவே 30, 40 கிலோமீட்டர் சொந்த டார்க் ஃபைபர் என்றால் என் பதில் மாறும்.

இப்போது செய்ய வேண்டியது. வாடகை லைன் ‘பிரைவேட்’ என்பதால் என்க்ரிப்ஷனே போடாமல் விட்டிருக்கும் இடங்கள் ஏராளம்; டெலிகாம் நிறுவனங்கள் தனி லைன் தரப் பயன்படுத்தும் எம்.பி.எல்.எஸ். உங்கள் டேட்டாவைப் பூட்டித் தராது. முதலில் அதைச் சரிபாருங்கள். என்க்ரிப்ஷன் இல்லையென்றால், லைனில் போகும் டேட்டாவைப் பூட்டும் ஐபிசெக் அல்லது மேக்செக் போடுங்கள், ஏ.இ.எஸ். 256-ல். ஏ.இ.எஸ். 256-ஐக் குவாண்டம் கம்ப்யூட்டராலும் அசைக்க முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆட்டம் காண்பது சாவிப் பரிமாற்றம்தான்.

ஐபிசெக் என்றால் உடனடியாக ஒரு வழி உண்டு. முன்கூட்டியே பகிர்ந்த ரகசியச் சாவியையும் ஐபிசெக்கில் கலக்கும் தரமான ஆர்.எஃப்.சி. 8784-ஐ ஆதரிக்கும் ரூட்டரா என்று பாருங்கள். 256 பிட் ரேண்டம் சாவி ஒன்றை உருவாக்கி, நம்பிக்கையான ஆள் கையில் சென்னைக்குக் கொடுத்தனுப்பி, இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டால் இன்று பதிவு செய்பவனுக்கு நாளைய குவாண்டம் கம்ப்யூட்டர் உதவாது. இரண்டே முனைகள் என்பதால் இது உங்களுக்குக் கட்டுப்படியாகும்; நூறு கிளைகள் என்றால் தாங்காது.

அடுத்தது, அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரப்படுத்திய எம்.எல்.-கெம்; குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் தாங்கும்படி வடிவமைத்த சாவிப் பரிமாற்ற முறை. இதற்குப் பெட்டி வேண்டாம், ஃபர்ம்வேர் அப்டேட் போதும். பழைய முறையோடு சேர்த்து ஹைபிரிடாகப் போடுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும். சர்வர்களில் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் 10 போட்டிருந்தால் அது இயல்பிலேயே இப்படித்தான் பேசுகிறது.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய முறையான எக்ஸ்25519-இன் சாவி 32 பைட், எம்.எல்.-கெம் 768-இன் பொதுச் சாவி 1,184 பைட். இணையத்தளங்களும் செயலிகளும் பயன்படுத்தும் டி.எல்.எஸ். பாதுகாப்பு இணைப்பின் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகும். அது ஒன்றாகத்தான் வரும் என்று எழுதப்பட்ட பழைய ஃபயர்வால்கள் சத்தமில்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். லாக்கிலும் தெளிவாகத் தெரியாது. ஒரு சனிக்கிழமை இரவு பேக்கப் லைனில் சோதித்துவிட்டு மெயின் லைனுக்கு வாருங்கள். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்களை மாற்றுவது அதற்குப் பிறகு போதும். இன்றைய கையொப்பத்தைப் பதிவு செய்து வைத்து நாளை உடைப்பதால், இன்று நடந்து முடிந்த இணைப்புக்குள் யாரும் நுழைய முடியாது.