சிங்கப்பூரிலிருந்து கனடாவின் எட்மன்டனுக்கு வேலைக்குப் போகிறேன். காருக்கு எஞ்சின் ஹீட்டர் வேண்டுமா, எதை வாங்கலாம்?

கண்டிப்பாக வேண்டும். தேக்காவில் வாங்கிய தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள், காலையில் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அங்கே மைனஸ் 30 டிகிரியில் எஞ்சின் ஆயிலும் அவ்வளவு இறுகாவிட்டாலும் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். பேட்டரியோ மைனஸ் 18-லேயே ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும். அதனால் கார் ஸ்டார்ட் ஆகத் திணறும்.

நான் சொல்வது பிளாக் ஹீட்டர். அது எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவத்தை, சூடாக்கும். பெரும்பாலும் 400 முதல் 1000 வாட். அங்கே விற்கும் பல கார்களில் ஏற்கெனவே பொருத்தியிருப்பார்கள். முன் கிரில்லுக்குள் சுருட்டி வைத்த ஒயரும் ப்ளக்கும் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் எஞ்சினுக்கென்றே வரும் ஹீட்டரை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்துங்கள். எஞ்சினின் கீழே ஆயில் தங்கும் தட்டுக்கு (ஆயில் பேன்) அடியில் ஒட்டும் ஹீட்டர் பேட் மலிவுதான், ஆனால் முக்கியமாக ஆயிலைத்தான் சூடாக்கும். கார் நிறுத்தும் இடத்தில் ப்ளக் பாயின்ட் இல்லையென்றால் பெட்ரோலில் எரியும் ஹீட்டர்தான் வழி, விலை அதிகம்.

ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டாம். டைமர் வைத்து, கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்னால் ஓடினால் போதும். அப்புறம், எதையும் இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள்: நம் கரண்ட் 230 வோல்ட், அங்கே 120.