வாசகர் கேள்வி: ஹன்பொக் யாருடைய உடுப்பு?

கேள்வி: நான் தையல் வகுப்புக்குப் போகிறேன். கொரிய நாடகங்களில் வரும் ஹன்பொக்கை ஒருமுறை தைத்துப் பார்க்க ஆசை. படத்தைக் காட்டினால், என்னோடு படிக்கிற பிள்ளை, "இது சீனாக்காரரின் உடுப்பு, கொரியாக்காரர் களவெடுத்தது" என்கிறாள். ஃபோனிலும் அப்படியே வீடியோக்கள் வருகின்றன. எது உண்மை?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, களவு என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் தைக்கிற ஆள், துணியிலிருந்தே தொடங்குவோம். கொரியப் பெண்களின் உடுப்பில் சிமா என்ற பாவாடையை இடுப்பில் கட்டுவதில்லை, மார்போடு சுற்றிக் கட்டுவார்கள். அதற்கு மேலே ஜொகொரி என்ற கட்டைச் சட்டை வரும், அதன் முன்பக்கத்தை நாடாவால் ஒற்றைக் காது வைத்து முடிந்து நுனியைத் தொங்கவிடுவார்கள். சீனாவில் ஹன்ஃபு என்பது ஒரே ஒரு உடுப்பின் பெயர் அல்ல, ஹான் மக்கள் பல அரச வம்சங்களின் காலத்தில் போட்ட உடுப்புகளுக்கான பொதுப்பெயர். அவற்றில் பலவற்றில் சட்டைக்கு மேலேதான் பாவாடையைக் கட்டுவார்கள். இரண்டிலும் முன்பக்கம் வலப்பக்கமாக மடிவதால் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும்.

கொடுக்கல் வாங்கல் இருந்தது உண்மை. கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்து அரசரும் அதிகாரிகளும் போட்ட வட்டக்கழுத்து அங்கிகள் சீனாவின் மிங் வம்சத்து முறையைப் பின்பற்றியவை. அதேபோல 14ஆம் நூற்றாண்டில், சீனாவை ஆண்ட மங்கோலியரான யுவான் வம்சத்தின் அரண்மனையிலே கொர்யோ (ஜோசனுக்கு முந்திய கொரிய அரசு) பாணி உடுப்பு நாகரிகமாக இருந்தது, அங்கே பேரரசியான கி என்பவரே கொர்யோவில் பிறந்த பெண். ஆனால் சட்டை, பாவாடை, காற்சட்டை என்ற அடிப்படை அமைப்பு அதற்கெல்லாம் பல நூறு வருடம் முந்தியது, இன்னும் பழைய கொரிய அரசான கொகுர்யோவின் கல்லறைச் சுவரோவியங்களில் அதை இன்றைக்கும் பார்க்கலாம். அந்தக் கல்லறைகளில் சில வடகொரியாவில், சில சீனாவின் ஜிலின் மாகாணத்தில். கொகுர்யோவும் சீன வரலாற்றில் அடங்கியது என்று 2002இல் தொடங்கிய சீன ஆய்வுத் திட்டம் ஒன்று சொன்னதில் கொரியர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். உடுப்புச் சண்டையில் இவ்வளவு சூடு ஏறுவதற்கு அந்தப் பழைய நோவும் ஒரு காரணம்.

2020 நவம்பரில் ஒரு சீன நிறுவனத்தின் ஃபோன் விளையாட்டில் ஹன்பொக் வந்தது, அது ஹன்ஃபுதான் என்று சீனாவில் சத்தம் எழும்ப நிறுவனம் அந்த உடுப்பை எடுத்துவிட்டு கொரியச் சேவையையே மூடிவிட்டது. பிறகு 2022 பெப்ரவரி 4, பீஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. சீனாவின் 56 இனத்தவரும் கொடியைக் கைமாற்றிக் கொண்டுபோன வரிசையில் வெள்ளைச் சட்டையும் இளஞ்சிவப்புப் பாவாடையுமாக ஹன்பொக் போட்ட ஒரு பெண் வந்தார், தென்கொரியாவே கொதித்தது.

அந்தப் பெண்ணில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சீனாவில் கிட்டத்தட்ட 17 இலட்சம் கொரிய இனத்தவர் இருக்கிறார்கள், 19ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லை கடந்து போனவர்களின் பிள்ளைகள். அம்மம்மா போட்ட உடுப்பை அவர் போடாமல் வேறு யார் போடுவது? ரொறன்ரோவில் எங்கள் பிள்ளைகள் பொங்கலுக்கு வேட்டி, சேலையோடு ஊர்வலம் போனால் எங்களுக்குப் பெருமையாகத்தானே இருக்கிறது. ஆனால் நாளைக்கு ஒருவர் வந்து சேலை கனடாவில்தான் பிறந்தது, நீங்கள் பார்த்துக் கட்டினீர்கள் என்றால் பொறுப்போமா? உங்கள் கூட்டாளி சொல்கிற கதை அந்த மாதிரிக் கதை.

கேள்வி: அப்படியென்றால் நாங்கள் தைத்துப் போட்டால் கொரியர்கள் கோபிப்பார்களோ?
– அதே வாசகி

பதில்: இல்லை. தென்கொரியத் தலைநகர் சோலில் வெளிநாட்டவர் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டுதான் அரண்மனை பார்க்கப் போகிறார்கள், ஹன்பொக் போட்டால் உள்ளே போகக் காசும் இல்லை. பெயரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். வடகொரியர் இதே உடுப்பை ஜோசன்-ஒத் என்பார்கள், 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது அவர்களுடைய உடை வழக்கம்தான். தென்கொரியா 2022 ஜூலையில் ஹன்பொக் உடுத்தும் வழக்கத்தைத் தன் தேசிய மரபாக அறிவித்தது.

தைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கழுத்துப் பட்டியின் மேல் விளிம்பில் வெள்ளையாக ஒடுங்கிய ஒரு கீலம் இருக்கும். அழுக்கானால் அதை மட்டும் பிரித்துப் புதிது வைப்பார்கள், ஆகவே மெஷினில் அடிக்காமல் கையால் நூலோடுங்கள்.