புயலின் வகையும் பெயரும்: கேள்வி பதில்

ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன்: இதில் எது பெரியது சார்?

மூன்றும் ஒன்றுதான். கடல்தான் வேறு. அட்லாண்டிக்கிலும் வடகிழக்குப் பசிபிக்கிலும் ஹரிக்கேன், வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன், இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன். 2023-இல் ஹரிக்கேனாக இருந்த டோரா, 180 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டி மேற்கே போனதும் டைஃபூன் ஆனது. டோரா என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

தாழ்வு மண்டலம் எப்போது புயலாகும்?

வட இந்தியப் பெருங்கடலில், காற்று மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50-இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-இல் புயல். அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல், அதற்கும் மேல் அதிதீவிரப் புயல், 220-ஐத் தாண்டினால் சூப்பர் புயல்.

ஒரே புயலுக்கு ஆளுக்கொரு வேகம் சொல்கிறார்களே ஐயா?

எல்லாமே சராசரி வேகம்தான். அமெரிக்கா 1 நிமிடச் சராசரி எடுக்கிறது, இந்தியா 3, ஜப்பான் 10. நேரம் நீள நீள எண் இறங்கும். அதனால் ஹரிக்கேன்களைக் காற்று வேகப்படி 1 முதல் 5 வரை பிரிக்கும் அமெரிக்கக் கேட்டகரியை நம் வகைகளோடு அப்படியே ஒப்பிடாதீர்கள்.

பெயர் யார் வைப்பது?

வட இந்தியப் பெருங்கடலுக்கு 13 நாடுகள், நாட்டுக்கு 13 பெயர் என 169 பெயர்களை 2020-இல் கொடுத்தன. பழைய பட்டியலின் கடைசிப் பெயர் ஆம்பன், புதியதன் முதல் பெயர் நிசர்கா. இங்கே ஒரு பெயர் ஒரு முறைதான். அட்லாண்டிக்கில் ஆறு பட்டியல்கள் சுழற்சியில் வரும். பேரழிவு செய்த பெயரை மட்டும் நீக்கிவிடுவார்கள். 2005-இன் கத்ரீனா அப்படிப் போனதுதான்.

கேட்டகரி 1 என்றால் பயமில்லைதானே அண்ணா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கேட்டகரி காற்றை மட்டுமே அளக்கிறது. முன்பு அதோடு சொல்லப்பட்ட கடல் பெருக்கின் உயரத்தையும் 2010-இல் நீக்கிவிட்டார்கள். மழை அதில் எப்போதுமே இல்லை. 2001-இல் வந்த ஆலிசன் கேட்டகரி 1-ஐக்கூட எட்டவில்லை. ஆனால் டெக்சாஸ் மேலேயே சுற்றிச் சுற்றிக் கொட்டியதில் ஹூஸ்டன் நகரம் மூழ்கியது. ஹரிக்கேன் ஆகாமலே அட்லாண்டிக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் பெயர் அதுதான். எச்சரிக்கை வந்தால் மழை அளவையும் கடல் எவ்வளவு உயரும் என்பதையும் தனியாகத் தேடிப் படியுங்கள்.